பெரிய மோட்டார் வண்டிகளில் இரைச்சலும் அதிர்வும்

மோட்டார் வண்டி வாங்க முற்படுவோர் விலை, எரிபொருட் செலவு, இருக்கைகளின் எண்ணிக்கை, விபத்துக் காலத்தில் உயிரைக் காக்கும் சாதனங்கள் ஆகியவற்றை நுணுகி ஆராய்கின்றனர். வண்டியினுள் எழும் இரைச்சலையும் அதிர்வையும் பற்றி வினவுவோர் சிலரே. விற்பனை நிலையத்தை அடுத்துள்ள நெரிசலான தெருக்களில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு முன்பணம் செலுத்துவதே பெரும்பாலோரின் வழக்கமாக இருக்கிறது. எஸ்.யூ.வி. என்று வழங்கப்பெறும் பெரிய வண்டியொன்றை வாங்குவது ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பைச் செலவிடும் காரியமாகும். அவ்வாறு வாங்கிய வண்டியில் முதன்முறை நெடும்பிரயாணம் செல்லும்போது, காதை அடைப்பது போன்ற முழக்கம் ஒன்று எழுந்து, பின்னிருக்கையிலுள்ள முதியோருக்குத் தலைவலியையும் சோர்வையும் உண்டாக்கினால், அதனைப் பின்னர் மாற்றுவது எளிதன்று. பணிமனையினரோ, இவ்வகை வண்டிகளுக்கு இது இயல்பே என்று கூறிவிடுவதுண்டு. எது இயல்பு, எது குறைபாடு என்பதை ஒலியியலின் சில எளிய உண்மைகளைக் கொண்டு வாங்குவோரே ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

டெசிபல் காட்டாத முழக்கம்

ஒலியின் அளவை டெசிபல் என்னும் அலகால் குறிக்கிறோம். பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கோ அது ஏறத்தாழ இரு மடங்கு உரத்ததாகத் தோன்றுகிறது. வண்டிகளின் இரைச்சலை அளக்கும்போது சாதாரணமாக ‘ஏ’ என்னும் திருத்தத்தைக் கையாளுகின்றனர். மனிதச் செவி தாழ்ந்த ஒலிகளை மந்தமாகவே உணர்வதால், அத்திருத்தம் அவற்றின் மதிப்பைக் குறைத்துக் கணக்கிடுகிறது. 63 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் கழிக்கப்படுவது சுமார் 26 டெசிபல் ஆகும். ஆகவே, அந்த அதிர்வெண்ணில் 90 டெசிபல் அளவுக்கு எழும் முழக்கம் கருவியில் 64 டெசிபலாகவே தோன்றும். விளம்பரங்களில் காணும் ஓர் எண்ணை மட்டும் நம்பி, வண்டி அமைதியானது என முடிவு செய்வது சரியாகாமைக்கு இதுவே காரணம். ‘சி’ என்னும் திருத்தம் இந்த அதிர்வெண்ணில் ஒரு டெசிபலுக்கும் குறைவாகவே கழிக்கிறது. இரு அளவீடுகளுக்கும் இடையே பெரும் வேறுபாடு காணப்பட்டால், தாழ்ந்த முழக்கம் மிகுந்துள்ளது என்று கொள்ளலாம்.

எஞ்சினும் உள்ளறையும்

நான்கு சிலிண்டர்களைக் கொண்ட நான்கு வீச்சு எஞ்சினில், ஒவ்வொரு சுழற்சிக்கும் இருமுறை எரிதல் நிகழ்கிறது. எஞ்சின் நிமிஷத்திற்கு 1,800 முறை, அதாவது வினாடிக்கு 30 முறை சுழலும்போது, எரிதலால் உண்டாகும் துடிப்பு 60 ஹெர்ட்ஸ் ஆகும். ஆறு சிலிண்டர் எஞ்சினில் அதே வேகத்தில் இது 90 ஹெர்ட்ஸாக உயர்கிறது.

இனி வண்டியின் உள்ளறையைக் கருதுவோம். இரு முனையும் மூடிய நீண்ட பெட்டியிலுள்ள காற்று, அதன் நீளத்திற்கேற்ற ஓர் அதிர்வெண்ணில் தானே ஒத்ததிரும் இயல்புடையது. ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்த அதிர்வெண் கிடைக்கும். ஒலி வினாடிக்குச் சுமார் 346 மீட்டர் செல்கிறது. மூன்று வரிசை இருக்கைகளையுடைய ஒரு வண்டியின் உள்ளறை 2.9 மீட்டர் நீளமாயின், விடை ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸ். நெடுஞ்சாலையில் நான்கு சிலிண்டர் எஞ்சின் எழுப்பும் துடிப்பும் இதுவும் ஒன்றே! இவ்விரண்டும் பொருந்தும் வேகத்தில் உள்ளறை முழுவதும் ஒரு முரசுபோல் முழங்கத் தொடங்குகிறது. சிறிய வண்டிகளில் உள்ளறை குறுகியதாதலால் இப்பொருத்தம் உயர்ந்த வேகங்களிலேயே நேர்கிறது.

இதில் கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. இவ்வகை அதிர்வில் காற்றின் அழுத்த மாறுதல் இரு முனைகளிலும் மிகுதியாகவும், நடுவில் மிகக் குறைவாகவும் இருக்கும். நடுவரிசையில் அமர்ந்தவர் அமைதியாகப் பேசிக்கொண்டு வரும்போது, கடைசி வரிசையில் அமர்ந்தவர் காதைப் பொத்திக்கொள்ள நேரிடுவது இதனாலேயே.

கூரைத் தகடும் இம்முழக்கத்திற்குத் துணை செய்யக்கூடும். பெரிய வண்டிகளின் கூரை அகன்றது. அதனைக் குறுக்குச் சட்டங்களுடன் பிணைக்கும் பசைப்பொருள் விட்டுப்போனால், தகடு முரசின் தோல்போல் அதிர்ந்து உள்ளிருக்கும் காற்றை அசைக்கிறது. இதனை வண்டியின் இயல்பு என்று சொல்வதற்கில்லை. செப்பனிடத்தக்க குறைபாடே ஆகும்.

சக்கரங்களின் பங்கு

இவ்வண்டிகள் சிலவற்றிற்குரிய டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 11 அல்லது 12 முறை சுழல்கிறது. சக்கரத்தின் எடை ஒருபுறம் சற்று மிகுந்திருந்தால், ஸ்டீயரிங்கும் இருக்கையும் அதே எண்ணிக்கையில் நடுங்கும். வீல் பாலன்சிங் செய்வதால் இது பெரும்பாலும் நீங்கும். எஞ்சினிலிருந்து பின் ஆக்சிலுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாப்ட் சக்கரத்தைவிடச் சுமார் நான்கு மடங்கு விரைவாகச் சுழல்வதால், அதன் குறைபாடு 45 ஹெர்ட்ஸ் அளவில் உறுமலாக வெளிப்படும். இருக்கை வழியே உடலுக்கு வரும் மேலும் கீழுமான அதிர்வில், 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியே மனிதரை மிகவும் வருத்துவது எனப் பரிசோதனைகள் காட்டியுள்ளன.

தனிச் சேஸிஸின் மேல் உடற்கூட்டை ரப்பர் தாங்கிகளால் பொருத்திய வண்டிகளும், இரண்டும் ஒன்றாய் அமைந்த வண்டிகளும் இந்நாளில் விற்பனையாகின்றன. முன்னது கரடுமுரடான பாதைக்கும் பாரம் இழுப்பதற்கும் ஏற்றது. ஆயினும் பள்ளங்களில் ஏறி இறங்கியபின் ஒருவித நடுக்கம் அதில் எஞ்சி நிற்பதுண்டு. ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகிவிடுவதால், பழைய வண்டியை வாங்குவோர் இத்தாங்கிகளைச் சோதிப்பது அவசியம்.

பரிகாரங்கள்

கதவுகளிலும் தரையிலும் வைக்கப்படும் பஞ்சும் நுரைப்பொருளும் காற்றின் சீறல், டயரின் இரைச்சல் போன்ற உயர்ந்த ஒலிகளை நன்கு தடுக்கும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ ஐந்தே முக்கால் மீட்டர். சில சென்டிமீட்டர் கனமுள்ள நுரைப்பொருள் அதனைச் சிறிதும் தணிக்காது. ஆகவே, வண்டி வாங்கியபின் பெருந்தொகை செலவிட்டு இத்தகைய விரிப்புகளைப் பொருத்துவோர், முழக்கம் நீங்காமை கண்டு ஏமாற்றமடைகின்றனர். தாழ்ந்த முழக்கத்தை எதிரொலியால் அழிக்கும் முறைக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மைக்ரோபோன் கேட்கும் ஒலிக்கு நேர்மாறான ஒலியை ஒலிபெருக்கி எழுப்ப, இரண்டும் ஒன்றையொன்று தணிக்கின்றன. இன்று சில வண்டிகளில் இவ்வமைப்பு பொருத்தப்பெற்றே வருகிறது.

பின்சன்னல் ஒன்றைமட்டும் திறந்து விரைந்து செல்லும்போது காதில் தாக்கும் படபடப்பு வேறு வகையினது. வெறும் புட்டியின் வாயில் ஊதினால் ஓசை எழுவதைப் போன்றது இது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் ஒத்ததிர்வாகும். மற்றொரு சன்னலைச் சிறிது திறந்தால் அது தணிந்துவிடும். இதற்காகப் பணிமனைக்குச் செல்ல வேண்டுவதில்லை.

வாங்குமுன் செய்யத்தக்கவை

முதலாவதாக, வாங்கவிருக்கும் அதே எஞ்சினும் அதே அளவு டயரும் உள்ள வண்டியை நெடுஞ்சாலையில் அரைமணி நேரமேனும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். தார்ச்சாலை, சிமென்டுச் சாலை ஆகிய இரண்டிலும் ஓட்டுதல் நலம்; மும்பை–புனே விரைவுச் சாலை போன்ற சிமென்டுச் சாலைகளில் டயரின் இரைச்சல் நன்கு புலப்படும்.

இரண்டாவதாக, வேறொருவர் ஓட்ட, வாங்குவோர் மூன்று வரிசைகளிலும் மாறி மாறி அமர்ந்து கேட்க வேண்டும். வானொலியை நிறுத்திவிட்டு, சன்னல்களை மூடிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, நிமிஷத்திற்கு 1,200 முதல் 2,500 சுழற்சி வரை எஞ்சினை மெல்ல உயர்த்தி, எந்த இடத்தில் முழக்கம் எழுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவதாக, அதிர்வு தோன்றும் வேகத்தை மாற்றாமல் கியரை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். அதிர்வு மாறினால் காரணம் எஞ்சின் பக்கத்தில் உள்ளது. மாறாது நின்றால் சக்கரத்திலோ ஷாப்டிலோ உள்ளது.

இறுதியாக, தமக்கு ஒப்படைக்கப்படும் வண்டியையே பணம் முழுவதும் செலுத்துமுன் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, மாதிரி வண்டியுடன் ஒப்பிடுதல் நன்று. மாதிரி வண்டியில் இல்லாத முழக்கம் இதில் மட்டும் காணப்பட்டால், இயல்பு என்ற சமாதானத்திற்கு அங்கே இடமில்லை. வேகம், சுழற்சி, கியர், சாலை, அமர்ந்திருந்த வரிசை ஆகியவற்றைக் குறிப்பிட்டு எழுத்துமூலம் முறையிட்டால், பழுது பார்ப்பவர் காரணத்தை விரைவில் கண்டறிய இயலும். வழக்கு நேரினும் அக்குறிப்பு வாங்கியவருக்குத் துணை நிற்கும்.