மொய் நோட்டும் சாமுராய் சபையும்

போன வாரம் நண்பர்களோட ‘லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ்’ விளையாடினோம். 1997-ல வந்த சாமுராய் ரோல்பிளேயிங் கேம். என் கேரக்டர் ஒரு சாதாரண சாமுராய். பெரிய பிரபு வீட்டுக்கு விருந்தாளியா போறான். அங்க பரிசு நீட்டினா, வாங்குறவர் ரெண்டு தடவை மறுக்கணும், மூணாவது தடவைதான் வாங்கணும். திருப்பிச் செய்ய முடியாத அளவுக்குப் பெருசா கொடுத்தா, வாங்குறவருக்குத்தான் சங்கடம்.

‘இவ்வளவு ரூல்ஸா?’ன்னு பசங்க தலையில கை வச்சாங்க. எனக்கு மட்டும் டக்குனு புரிஞ்சுது. ஏன்னா நான் கம்பம்காரன். எங்க ஊர்ல இதுக்குப் பேரு செய்முறை.

தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்றேன். கல்யாணம், காதுகுத்து, சடங்கு எதுவா இருந்தாலும் வாசல் பக்கத்துல ஒரு டேபிள். ஊர், பேர், தொகை மூணும் நோட்டுல ஏறும். சில இடத்துல மைக்லயும் வாசிப்பாங்க. இப்போ தேனி, மதுரைப் பக்கம் லேப்டாப்ல ஏத்தி, பிரிண்ட் போட்ட ரசீதே கையில கொடுத்துடறாங்க. நாளைக்கு அவங்க வீட்டு விசேஷம்னா, பழைய நோட்டைப் புரட்டி, வந்ததுக்கு மேல கொஞ்சம் சேர்த்துச் செய்யணும். வட்டின்னு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா தொகை ஏறிக்கிட்டேதான் போகும்.

நாம 101, 501-ன்னு ஒரு ரூபா சேர்க்கிறோம் இல்லையா? ஜப்பான்லயும் கல்யாணத்துக்கு ரெண்டா பிரியுற தொகையைத் தவிர்ப்பாங்க. ஜோடி பிரியக் கூடாதாம்!

சரி, இல்லாதவங்க இருக்கிறவங்க வீட்டு விசேஷத்துக்குப் போனா?

எங்கப்பா ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டத்துல வேலை பார்த்தார். முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு 51 ரூபாதான் மொய் வச்சார். ஆனா முந்தின ராத்திரியே போய் வாழை மரம் கட்டினார், பந்தியில பரிமாறினார், கடைசியாத்தான் சாப்பிட்டார். நோட்டுல ஏறாத மொய் அது.

சில வருஷம் கழிச்சு எங்க அக்கா கல்யாணம். முதலாளி வந்தார். அவர் நினைச்சிருந்தா ஐயாயிரம் எழுதி, மைக்ல வாசிக்க வச்சிருக்கலாம். அப்பா அதை எப்படித் திருப்பிச் செய்வார்? அவர் நோட்டுல எழுதினது 101. அப்புறம் அப்பாவைத் தனியா கூப்பிட்டு ஒரு கவரை நீட்டினார். “இது நோட்டுல ஏற வேணாம்ப்பா.” அப்பா வேணாங்கய்யான்னு மறுத்துக்கிட்டே இருந்தார். கடைசியில முதலாளி வீட்டம்மா அதை எங்கம்மா கையில வச்சு மூடிட்டாங்க.

சின்ன வயசுல எனக்கு அது புரியல. 101 ரூபாதானான்னு கோபம்கூட வந்துச்சு. இப்போ புரியுது. நோட்டுல ஏறினது கடன், கையில வச்சது அன்பு. அப்பா தலைகுனியாம இருக்கத்தான் அவர் ரெண்டையும் பிரிச்சார்.

இப்போ நான் ஐடியில சம்பாதிக்கிறேன். ஊர்ல கூடப் படிச்சவன் வீட்டு விசேஷத்துக்குப் போனா, அவனால திருப்பிச் செய்ய முடியுற தொகையைத்தான் எழுதுறேன். மிச்சத்தை அவன் அம்மா கையில கொடுத்துடுவேன்.

கேம்ல என்ன ஆச்சுன்னு கேக்குறீங்களா? என் சாமுராய் தன் ஊர்ப் பழக்கூடை ஒண்ணு கொண்டு போனான். பிரபு மூணாவது தடவை வாங்கிக்கிட்டார்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!