கணனியின் கருவில் நேரும் கசிவு

பல நாட்கள் ஓய்வின்றி இயங்கும் கணனி படிப்படியாக வேகம் குன்றுவதை நம்மிற் பலர் கண்டிருப்போம். நிறுத்தி மீண்டும் இயக்கினால் சீராகிவிடும். சில நாட்களில் அக்குறை மறுபடியும் தலைகாட்டும். இதற்குரிய காரணங்களுள் ஒன்றாகிய நினைவகக் கசிவையும், அதனைக் கண்டறியும் முறையையும் இங்கு நோக்குவோம்.

இயக்க முறைமையின் மையப் பகுதியே ‘கேர்னல்’ எனப்படுவது. அதனைக் கரு என்போம். நினைவகத்தைப் பங்கிட்டு வழங்குவதும் திரும்பப் பெறுவதும் அதன் கடமைகளாம். நூலகத்தில் இரவல் கொடுத்த நூல் திரும்பி வராமலும், அது யாரிடம் உள்ளதென்ற குறிப்பு அழிந்தும் போனால், அந்நூல் இருந்தும் இல்லாததேயாகும். நினைவகக் கசிவும் அத்தகையதே.

சாதாரண மென்பொருள் ஒன்று முடிவுறும்போது, அது பெற்றிருந்த நினைவகத்தைக் கரு மீட்டுக்கொள்ளும். கருவிலேயே கசிவு நேர்ந்தால் மீட்பார் எவருமிலர். லினக்ஸ் முறைமையில் நினைவகம் அறவே தீருமிடத்து, பெருமளவு நினைவகத்தைக் கொண்டுள்ள மென்பொருள் ஒன்றைக் கரு தெரிந்து நிறுத்திவிடும். குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம்! ஆதலாற் காரணத்தைச் சரியாக அறிதல் இன்றியமையாதது.

முதலாவதாக, இது கசிவுதானா என அறிதல் வேண்டும். சும்மா கிடக்கும் நினைவகத்தில் லினக்ஸ் கோப்புகளின் பிரதிகளை வைத்திருக்கும், தேவைப்படின் விட்டுக்கொடுக்கும். அது கசிவன்று. ‘மெம்இன்போ’ என்னும் கோப்பில், கரு தன் சிறு தேவைகளுக்கெனக் கொண்டுள்ள ‘ஸ்லாப்’ நினைவகத்தின் அளவு காணப்படும். அதில் மீட்கவியலாத பகுதியை நேரத்துடன் குறித்து வருக. வேலைப்பளு மாறாதிருக்கவும் அத்தொகை குறையாது ஏறிக்கொண்டே போனால் ஐயம் வலுப்பெறும்.

இரண்டாவதாக, எவ்வகைப் பொருள் பெருகுகின்றது என அறிதல் வேண்டும். ‘ஸ்லாப்இன்போ’ கோப்பு ஒவ்வொரு வகையின் எண்ணிக்கையையும் தரும். வெவ்வேறு வேளைகளில் எடுத்த இரு கணக்குகளை ஒப்பிட்டால் விடை புலப்படும்.

மூன்றாவதாக, அதனைப் பெற்றவர் யார் என அறிதல் வேண்டும். 2009 இல் வெளியான லினக்ஸ் 2.6.31 பதிப்பில் ‘கேமெம்லீக்’ என்னும் கருவி இணைக்கப்பட்டது. கரு வழங்கும் நினைவகத் துண்டுகளை இது பதிந்துகொண்டு, வழமையாகப் 10 நிமிடத்துக்கு ஒருமுறை, அவற்றின் முகவரிகள் எங்கேனும் குறிக்கப்பட்டுள்ளனவா எனத் தேடும். எங்கும் குறிக்கப்படாத துண்டு ஐயத்துக்குரியது. எந்தக் கட்டளை வரிசை அதனைப் பெற்றதென்பதையும் கருவி காட்டும். எனினும் இது தீர்ப்பன்று. சில வேளைகளில் நல்ல துண்டையும் இது ஐயுறும். தேவை முடிந்தும் பட்டியலில் தங்கிய துண்டைக் காணாது விடும். அவ்விடத்து இரண்டாம் படியிற் கண்ட எண்ணிக்கையே கைகொடுக்கும்.

இறுதியில் நிரலை மனிதரே படித்தறிதல் வேண்டும். நினைவகத்தைப் பெற்ற ஒரு செயற்கூறு, இடையிற் பிழை நேர்ந்தவுடன், பெற்றதைத் திருப்பிக் கொடாமலே வெளியேறுவது அடிக்கடி காணப்படும் காரணமாகும். வழமையான பாதையை மட்டும் சோதிப்போர் கண்ணுக்கு இது தென்படாது.

மாணவச் செல்வங்களே! கணனியை மீள இயக்குவது துன்பத்தைத் தணிக்குமேயன்றி நோயைத் தீர்க்காது, தடயங்களையும் அழித்துவிடும். ஆகவே முதலில் அளவிடுக, பின்பு ஒப்பிடுக, அதன்பின் முடிவு செய்க. கணனித் துறையைக் கற்கும் நீங்கள் இதனை உங்கள் பெற்றோருக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். விளக்க முடிந்தால் நன்கு விளங்கிக்கொண்டீர்கள் என்பது எமது துணிபு.