வெள்ளை பீர் ஏன் கலங்கியிருக்கிறது?

வெள்ளை பீர் எனப்படும் பெல்ஜியத்தின் கோதுமை பீரை முதன்முதலாகக் கோப்பையில் ஊற்றுபவர், கெட்டுப்போனதோ என்று சந்தேகப்படுவார். அந்தக் கலங்கல்தான் அதன் அடையாளம். முளைகட்டிய பார்லியோடு, முளைகட்டாத கோதுமையையும் கிட்டத்தட்ட பாதியளவுக்குச் சேர்க்கிறார்கள். தானியப் புரதம் பாலிஃபீனால் என்ற சேர்மங்களோடு பிணைந்து நுண்துகள்களாக மிதக்கிறது. வடிகட்டாததால் ஈஸ்டும் தங்கிவிடுகிறது. இவை ஒளியைச் சிதறடிப்பதால் வெளிர்மஞ்சள் பீர் வெளுத்துத் தெரிகிறது.

மணத்தின் கதை வேறு. காய்ந்த ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுகிறார்கள். ஆமாம், ரசப்பொடிக்கு வறுக்கும் அதே தனியாதான்! அதிலுள்ள லினலூல் என்ற மணப்பொருள் பூவாசம் தருகிறது. ஜெர்மன் கோதுமை பீரின் வாழைப்பழ, கிராம்பு வாசமோ ஈஸ்டே உண்டாக்குவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பெல்ஜியத்தின் ஹூகார்டன் ஊரில் 1950களில் நின்றுபோன வெள்ளை பீரை 1960களில் மீட்டவர் பியர் செலிஸ் என்ற பால்காரர். புதியவர் அவ்வூர்ப் பெயருள்ள பீரிலிருந்தே தொடங்கலாம். விலையைவிடத் தேதியைப் பாருங்கள்: நாளானால் வாசம் மங்கும், துகள்கள் அடியில் படியும். பாட்டிலில் கடைசியாக மிஞ்சுவதைச் சுழற்றி ஊற்றுங்கள்.