உறையில் நிற்பது யார்?

'பாட்டைக் கேட்டோமா போனோமான்னு இல்லாம அட்டையில என்னய்யா அரசியல்?' என்று நண்பர் ஒருவர் கேட்டார். இசைத்தட்டு உறையைச் சந்தையின் அலங்காரம் என்று நானும் ஒதுக்கியவன்தான். மைல்ஸ் டேவிஸின் உறைகளை வரிசையாக வைத்துப் பார்த்தபோது அப்படி ஒதுக்க முடியவில்லை.

1930களின் இறுதிவரை அமெரிக்காவில் இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்று உறைகளில்தான் விற்கப்பட்டன. கொலம்பியா நிறுவனத்தில் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர் உறைமேல் ஓவியம் தீட்டத் தொடங்கினார். 1948இல் எல்.பி. தட்டு வந்தது. ஓவியருக்கும் புகைப்படக்காரருக்கும் பன்னிரண்டு அங்குலச் சதுரம் கிடைத்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது: கறுப்பர் வாசிக்கும் இசையை வெள்ளையரிடம் விற்க யார் முகத்தைக் காட்டுவது?

1957இல் வெளியான 'மைல்ஸ் அஹெட்' உறையில் பாய்மரப் படகு. அதில் ஒரு வெள்ளைப் பெண்ணும் குழந்தையும். டிரம்பெட் வாசித்த கறுப்பு மனிதரைக் காணோம். மைல்ஸ் ஆட்சேபித்தார், பிந்தைய பதிப்புகளில் அவர் படம் வந்தது. ஆனால் 1965இல் ஓட்டிஸ் ரெடிங்கின் 'ஓட்டிஸ் புளூ' உறையிலும் வெள்ளைப் பெண்தான் இருந்தாள். குரல் வேணும், முகம் வேணாம்.

மைல்ஸ் இதற்கு உறையிலேயே பதில் சொன்னார். 1961இல் 'சம்டே மை பிரின்ஸ் வில் கம்' உறையில் அவர் மனைவி பிரான்செஸ் டெய்லர். 1967இல் 'சார்சரர்' உறையில் நடிகை சிசிலி டைசன். 1970இல் 'பிட்சஸ் புரூ'வுக்கு மாட்டி கிளார்வைன் தீட்டிய, விரித்துப் பார்க்கும் ஓவியம்: கறுப்பு உடல்கள், கடல், புயல், பின்னிக்கிடக்கும் கறுப்பு வெள்ளை விரல்கள். 1972இல் 'ஆன் தி கார்னர்' உறைக்குக் கார்க்கி மெக்காய் வரைந்தது கேலிச்சித்திரம். தெருவோரக் கறுப்பு மனிதர்கள் நின்றார்கள். ஸ்டூடியோ அழகிலிருந்து தெருவுக்கு உறை இறங்கியது இப்படித்தான்.

இதை விடுதலைக் கதையாக முடித்துவிட எனக்கும் ஆசைதான். பிரான்செஸ் விடமாட்டேன் என்கிறார். அவர் நடனக் கலைஞர். பிராட்வேயில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் ஆடிக்கொண்டிருந்தவரை மைல்ஸ் வற்புறுத்தி விலகவைத்தார். அவரை அடித்ததையும் 1989இல் வந்த தன்வரலாற்றில் மைல்ஸே ஒத்துக்கொள்கிறார். வெள்ளை அழகு நின்ற இடத்தில் கறுப்பு அழகை நிறுத்தியது எதிர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆணின் இசைக்கு முன்னால் பெண்முகம் நிற்கவேண்டிய அந்த இடம் மாறவில்லை. நிறத்தின் அதிகாரத்தைக் கேள்வி கேட்ட உறையே ஆணின் அதிகாரத்தை மூடிவைத்தது. இரண்டையும் சேர்த்தே வாசிக்கவேண்டியிருக்கிறது.

இன்று உறை செல்பேசித் திரையில் நகத்தளவுக்குச் சுருங்கிவிட்டது. அந்த அளவில்தான் நண்பருக்கு 1961ஆம் ஆண்டு உறையைக் காட்டினேன். 'ரொம்ப அழகா இருக்காங்களே, பாடுறவங்களா?' என்றார்.

இல்லை, ஆடவிடாமல் நிறுத்தப்பட்டவர் என்றேன்.