மழைக்கும் தாங்கும், காற்றும் வரும்: பழைய கொட்டகையைக் கோழிக்கூடாக மாற்றுதல்



எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு பழைய சாமான் கொட்டகை இருந்தது. 8 அடி நீளம், 6 அடி அகலம். சிமெண்டுத் தரை, பலகைச் சுவர், தகரக் கூரை. கம்பத்துக் கோழி வளர்க்கலாமென்று அதைக் கூடாக மாற்றினேன். ஒரு சொட்டு மழைகூட உள்ளே போகக்கூடாது என்று இடுக்குகளையெல்லாம் பிளாஸ்டிக் தாளால் அடைத்தேன். இரண்டே வாரத்தில் நான்கு குஞ்சுகள் செத்துப் போயின.

பக்கத்து வீட்டுத் தாத்தா வந்து பார்த்தார். "என்னா வாத்தியாரே, கோழிய டப்பாவுல போட்டு மூடுன மாதிரி வச்சிருக்கீங்க? உள்ளே கொஞ்ச நேரம் குந்திப் பாருங்க, தெரியும்" என்றார். குந்தினேன். கண் எரிந்தது. கூரை எங்கும் ஒழுகவில்லை. ஆனால், தரையில் போட்ட உமி ஈரமாக இருந்தது.

அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கோழியின் எச்சத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான். மூச்சிலும் ஈரம் வெளியேறுகிறது. குடிநீரும் சிந்துகிறது. காற்றோட்டம் இல்லாவிட்டால் இதெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். ஈர எச்சத்திலிருந்து அம்மோனியா வாயு கிளம்பி, கண்ணையும் சுவாசக் குழாயையும் கெடுக்கும். ஈரமான, வெப்பமான தரையில் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணியும் பெருகும். குஞ்சுகளை அது எளிதில் கொன்றுவிடும்.

இன்னொன்று, கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் அது உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நம் நாட்டுக் காற்றிலோ ஏற்கெனவே ஈரப்பதம் அதிகம். ஆகவே மழையை வெளியே நிறுத்த வேண்டும், காற்றை உள்ளே விட வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது நல்ல கூடு.

மாற்றத் தொடங்கும் முன்

உங்கள் குடியிருப்பில் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று உள்ளூர் மன்றத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கூரை பழைய அஸ்பெஸ்டாஸ் அட்டையாக இருந்தால் அதை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். அதன் நார்த்தூசி நுரையீரலைப் பாதிக்கும். கூட்டில் ஒரு கோழிக்கு 4 சதுர அடி இடம் வேண்டும். 48 சதுர அடியில் 12 கோழிகள் அடங்கும். நான் பத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

கூரை

கூரை ஒரு பக்கமாகச் சரிய வேண்டும். 6 அடி அகலத்திற்கு 1 அடி சரிவு வைத்தேன். மழை நேராக மட்டும் பெய்வதில்லை. மேற்குக் கரையில் விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து அடிக்கும் புயல்காற்றில் சாரல் பக்கவாட்டில் வரும். அதனால் கூரை சுவரைத் தாண்டி 2 அடி வெளியே நீண்டிருக்க வேண்டும். தகரம் வெயிலில் கொதிக்கும். மேலே வெள்ளைச் சாயம் பூசினால் சூடு குறையும். கூரையில் தண்ணீர்த் தாரை வைத்தால் குப்பை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும்.

சுவர்

கீழே 2 அடிக்குப் பலகையை அப்படியே விட்டேன். அதற்கு மேலே பலகையைக் கழற்றிவிட்டு, அரை அங்குலச் சதுரக் கம்பி வலை அடித்தேன். சாதாரண கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்குமே தவிர, மரநாயையும் உடும்பையும் நிறுத்தாது. அகன்ற கண் வழியாக எலியும் சிறிய பாம்பும் நுழைந்துவிடும்.

சாரல் அடிக்கும் பக்கத்தில் கேன்வாஸ் படுதா கட்டினேன். அதன் அடிப்பகுதியைப் பலகையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டு, மேல் பகுதியைக் கயிற்றால் இழுத்து ஏற்றும்படி செய்தேன். முழுதாக ஏற்றினாலும் கூரைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருக்கும். சூடான காற்று மேலே எழும்பும் அல்லவா? அது அம்மோனியாவையும் சேர்த்துக்கொண்டு அந்த வழியாக வெளியேறிவிடும்.

தரையும் உள்ளமைப்பும்

வாசலில் 4 அங்குல உயரத்திற்குச் சிமெண்டுத் தடுப்புக் கட்டி, வெளியே சிறிய கால்வாய் வெட்டினேன். உள்ளே 4 அங்குலம் உமி பரப்பினேன். ஒரு கைப்பிடி உமியை எடுத்து இறுகப் பிடித்துப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், உடனே மாற்றுங்கள்.

உறங்குவதற்குத் தரையிலிருந்து 2 அடி உயரத்தில் இரண்டு கம்புகள், இரண்டும் ஒரே உயரத்தில். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றிருந்தால் மேல் கம்புக்குக் கோழிகள் சண்டை போடும். நான்கு கோழிக்கு ஒரு முட்டைப்பெட்டி போதும். பெட்டி கம்பைவிடத் தாழ்வாக இருக்கட்டும். உயரமாக வைத்தால் கோழி அதிலேயே படுத்து அசுத்தமாக்கும்.

தினமும் காலையில் குடிநீரை மாற்றுங்கள். அப்போது கூட்டில் குந்தி, கோழியின் தலை உயரத்தில் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாத நெடி அங்கே தெரியும். தாத்தா எனக்குக் கற்றுக் கொடுத்த சோதனை இதுதான்.

கூட்டை மாற்றிக் கட்டிய பிறகு ஒரு பருவமழை கடந்துவிட்டது. உமி காய்ந்திருக்கிறது, அதன்பின் ஒரு குஞ்சும் சாகவில்லை. முதலிலேயே ஒருவரைக் கேட்டிருந்தால் அந்த நான்கு குஞ்சுகளும் பிழைத்திருக்கும்.

வகுப்பறைக்கு

1. கருத்து விளக்கக் கட்டுரை எழுதும் மாணவர்கள் கவனிக்க: "கூரை நீண்டிருக்க வேண்டும்" என்று எழுதினால் அது கருத்து. "சாரல் பக்கவாட்டில் வருவதால்" என்று சேர்த்தால்தான் அது விளக்கம். இக்கட்டுரையில் காரணத்தோடு வரும் ஐந்து கருத்துகளைப் பட்டியலிடுக.

2. 10 அடி நீளம், 6 அடி அகலமுள்ள கொட்டகையில் எத்தனை கோழிகள் வளர்க்கலாம்? எத்தனை முட்டைப்பெட்டிகள் தேவை?

3. "கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?" என்னும் பழமொழியின் பொருளை விளக்கி, அதற்கேற்ற சூழல் ஒன்றை எழுதுக.