சைக்கிள் மிதித்துக் கொடுமணம் போனோம்



"உங்க திருப்பூர்ல பாக்கறதுக்கு என்னடா இருக்கு?" வெளியூரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நாமும் சளைக்காமல், "பனியன் கம்பெனி இருக்கு, டிராஃபிக் ஜாம் இருக்கு, வேறென்ன வேணும்?" என்று சொல்லிச் சிரித்துவிடுவோம். நம் ஊருக்கு மிஞ்சிப் போனால் நூறு வயது, அதற்கு முன்னால் வெறும் காடு என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம். என் எண்ணமும் அதுதான், போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்!

அன்று நாங்கள் எட்டுப் பேர் சைக்கிளில் கிளம்பினோம். எங்களை அழைத்துப் போனவர் வகுப்புத் தோழன் ஒருவனின் பெரியப்பா. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நொய்யல் கரையைக் கால்நடையாகவே அளந்தவர். அந்த ஒரு நாளில் நான் தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

வழிகாட்டியோடு ஒரு சைக்கிள் பயணம்

ஜப்பானில் கிஃபு மாகாணத்தில் ஹிடா ஃபுருகாவா என்று ஒரு பழைய சிற்றூர். வெள்ளைச் சுவர் வைத்த பண்டகசாலைகள், மெழுகுவர்த்திக் கடை, தச்சர் வீடுகள், நடுவே ஒரு சிறிய வாய்க்கால். வருகிறவர்களுக்கு அங்கே ஒரு சைக்கிள் கிடைக்கும், கூடவே உள்ளூர் வழிகாட்டி ஒருவரும் வருவார். தெருத் தெருவாகவும் வயல் வரப்போரமாகவும் மெதுவாக ஓட்டிக்கொண்டு போவார்கள். நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, "இது ஏன் இப்படி இருக்கிறது தெரியுமா?" என்று வழிகாட்டி விளக்குவார்.

பஸ்ஸில் போனால் ஊர் ஜன்னலுக்கு வெளியே ஓடிவிடும். நடந்தால் பத்து கிலோமீட்டரிலேயே கால் கெஞ்சும். சைக்கிளோ மணிக்குப் பன்னிரண்டு, பதினைந்து கிலோமீட்டர்தான் போகும். கண்ணில் பட்டதை மனதில் வாங்க அந்த வேகம் சரியாக இருக்கும். நினைத்த இடத்தில் கால் ஊன்றி நிற்கலாம். பெட்ரோல் செலவும் இல்லை!

கிளம்புவதற்கு முன்

மெக்கானிக்கல் நண்பர்கள் சிரிக்கக் கூடாது, இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் நாளே டயரில் காற்று, பிரேக் கட்டை, செயினுக்கு எண்ணெய் மூன்றையும் பாருங்கள். சீட் உயரம் முக்கியம். சீட்டில் உட்கார்ந்து கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் அதைவிடத் தாழ்ந்திருந்தால் இருபதாவது கிலோமீட்டரில் முழங்கால் பேச ஆரம்பித்துவிடும். பஞ்சர் ஒட்டும் சாமான், கைப்பம்பு, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தலைக்கவசம் இருக்கட்டும். வழிகாட்டி முன்னால், பழகிய ஒருவர் கடைசியில், நடுவில் மற்றவர்கள் ஒற்றை வரிசையில். பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு அரட்டை அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

குமரனிடமிருந்து குரக்குத்தளிக்கு

விடிகாலை ஐந்தரை மணிக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள குமரன் நினைவிடத்தில் கூடினோம். 1932 ஜனவரியில் கொடியைப் பிடித்தபடி அடிபட்டு, 11ஆம் தேதி உயிர் விட்ட கொடிகாத்த குமரனுக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஊத்துக்குளி சாலையில் மிதித்தோம்.

முதல் நிறுத்தம் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம். இதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது 2022ல். 2024 ஆகஸ்டில் சர்வதேச அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நம்ம ஊர்க் குளம் உலகப் பட்டியலில்! குளத்தை ஒரு காலத்தில் சீர்படுத்திய நஞ்சராயன் என்ற அரசனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது என்றார் ஐயா.

அருகிலேயே சுக்ரீஸ்வரர் கோயில். இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கற்கோயில். சுக்ரீவன் வழிபட்டதாக ஐதீகம். பழைய பெயர் குரக்குத்தளி. "குரக்குன்னா குரங்கு, தளின்னா கோயில். பேர்லயே கதை இருக்குது பாத்தீங்களா கண்ணு?" என்று ஐயா சொன்னபோது, இத்தனை வருஷம் பஸ்ஸில் இதைத் தாண்டிப் போனதை நினைத்து வெட்கமாக இருந்தது.

ஊத்துக்குளியில் இட்லி. வெண்ணெய்க்குப் பேர் போன ஊர் ஆயிற்றே, தோசைக்கு மேல் ஒரு உருண்டை வைத்துச் சாப்பிட்டவர்களும் உண்டு. அங்கிருந்து தெற்கே கிராமத்துச் சாலைகளில் திரும்பி, நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலை அடைந்தபோது மணி பத்தரை.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தொழிற்பேட்டை

பார்த்தவுடன் ஏமாற்றம்தான். மேட்டு நிலம், முள்செடி, வட்டம் வட்டமாகக் கல் அடுக்கிய பழைய ஈமச் சின்னங்கள். "இதுக்கா இவ்வளவு தூரம் மிதிச்சோம்?" என்று ஒருவன் முனகினான். ஐயா சிரித்தார். எங்களை ஒரு மர நிழலில் உட்கார வைத்துச் சொல்லத் தொடங்கினார்.

சேர மன்னர்களைப் பாடும் பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் கொடுமணம் என்ற ஊரை அணிகலன்களோடு சேர்த்துச் சொல்கிறார்கள். அந்தக் கொடுமணம்தான் இந்தக் கொடுமணல் என்பது ஆய்வாளர்கள் முடிவு. 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே பல கட்டங்களாக அகழாய்வு செய்தது. 2012லும் 2013லும் பேராசிரியர் கா. ராஜன் தலைமையில் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தோண்டியது. பிறகு தமிழ்நாடு தொல்லியல் துறையும் வந்தது.

கிடைத்தது என்ன? பெரில், பளிங்கு, சூதுபவளம் என்று விதவிதமான கல்மணிகள். ஒரே ஈமக்குழியில் மட்டும் 2,220 சூதுபவள மணிகள்! பெரில் கல் காங்கயம் பக்கத்துப் படியூரில் கிடைப்பது. சூதுபவளமோ குஜராத் பக்கத்துச் சரக்கு. முடிந்த மணிகளோடு, உடைத்த கல், தேய்த்த கல், பாதி துளை போட்ட கல் என்று அரைகுறை வேலைகளும் கிடைத்தன. "முடிஞ்ச சரக்கு மட்டும் கிடைச்சிருந்தா அது வெறும் கடை. அரைகுறையும் சேந்து கிடைச்சா அது பட்டறை" என்றார் ஐயா. நம் கம்பெனியில் கட்டிங், ஓவர்லாக், செக்கிங் மேஜை ஒவ்வொன்றிலும் பீஸ் கிடப்பது போல என்று நான் புரிந்துகொண்டேன்.

இரும்பு உருக்கிய உலைகள் கிடைத்தன. எஃகு செய்ய மூசை வைத்துக் காய்ச்சிய உலையும் கிடைத்தது. நூல் நூற்கும் சுடுமண் தக்களிகளும் கிடைத்தன. ஆமாம் நண்பர்களே, நூல்தான்! இன்று நாம் நூலை வாங்கிப் பின்னுகிற இதே நொய்யல் கரையில் அன்றும் தக்களி சுற்றியிருக்கிறது.

மேற்குக் கடற்கரையின் முசிறித் துறையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூர் போகும் வணிகப் பாதையில் இந்த ஊர் இருந்தது. நூற்றுக்கணக்கான பானை ஓடுகளில் தமிழ் எழுத்தில் பெயர்கள். 'கண்ணன் ஆதன்' என்று ஒரு பெயர். கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரு மனிதர் தன் பானையில் பேர் கீறி வைத்திருக்கிறார், நாம் டிபன் பாக்ஸில் கீறுகிற மாதிரியே!

ஒரு ஓட்டுச் சில்லு

கிளம்பும் நேரம். எங்களில் ஒருவன் கறுப்பும் சிவப்புமான ஓட்டுத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டான். ஐயா பார்த்துவிட்டார்.

"அந்தச் சில்லைய எங்கிருந்து கண்ணு எடுத்தே?"

"சும்மா மேல கிடந்துதுங்கய்யா. ஞாபகத்துக்கு..."

"எடுத்த எடத்துலயே வெச்சிரு. அது கிடக்கிற எடமும் சேந்தாத்தான் அது சாட்சி. உன் வீட்டு ஷோகேஸ்ல அது வெறும் ஓடு."

திட்டவில்லை, விளக்கினார். எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். எழுத்து உள்ள ஒரு சில்லை யாராவது எடுத்துப் போயிருந்தால் கண்ணன் ஆதன் நமக்குத் தெரியாமலே போயிருப்பார். நண்பன் நடந்து போய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தான்.

ஆற்றங்கரையில்

அங்கிருந்து சில கிலோமீட்டர் கிழக்கே ஒரத்துப்பாளையம் அணை. பாசனத்துக்காகக் கட்டி 1992ல் திறந்தார்கள். வந்து தேங்கியதோ நம் ஊர்ச் சாயக்கழிவு. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். வழக்கு பல வருஷம் நடந்து, 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முழுவதுமாகச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன.

இதன் காரணத்தை டெக்ஸ்டைல் படிக்கிற நாம் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் நிறத்தைவிட ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத உப்பு. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏறுவதற்குத் தொட்டியில் நிறைய உப்புப் போடுகிறோம். சாயம் துணிக்குப் போய்விடும், உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். நிறத்தை எடுக்கும் சாதாரண சுத்திகரிப்பில் உப்பு போகாது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் மண்ணும் கிணறும் கெட்டுவிடும். அதற்காகத்தான் இன்றைய முறை. சவ்வூடு வடிகட்டி நல்ல தண்ணீரைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே அனுப்புவார்கள். மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பைத் திரும்ப எடுப்பார்கள். ஆற்றுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது என்பது விதி.

அணைப் பக்கத்தில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். காய்ந்துபோன தென்னைகளைப் பற்றியும், ஆடு கூட வாய் வைக்காத கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, உங்கப்பாவுக்கு என்ன வேலைங்க?" என்றார்.

என் அப்பா சாயப்பட்டறைத் தொழிலாளி. 2011ல் பட்டறை மூடியபோது எனக்கு நாலு வயது. பல மாதம் வேலை இல்லாமல் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்ததும், அம்மாவின் செக்கிங் சம்பளத்தில் வீடு ஓடியதும் எங்கள் வீட்டில் இன்றும் பேசுகிற கதை. யாரோ சில விவசாயிகள் வழக்குப் போட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் கேட்டு வளர்ந்தேன். அந்த 'யாரோ' எதிரில் நின்றார்.

"சாயப்பட்டறைங்க" என்றேன்.

பெரியவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு தன் தூக்குப்போசியை நீட்டினார். "வெயில்ல வந்திருக்கறீங்க. குடிங்க தம்பி. பயப்படாதீங்க, இது குழாய்த் தண்ணி."

அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கக் கொஞ்சம் கஷ்டப்பட்டது நண்பர்களே.

முடிவாக

முதலில் சொன்னேனே ஃபுருகாவா, அங்கே வாய்க்காலும் ஒரு காலத்தில் அழுக்குத்தான். ஊர்க்காரர்கள் சுத்தம் செய்து 1968ல் வண்ண மீன்களை விட்டார்கள். இன்று ஆயிரம் மீன் நீந்துகிறது. குளிர் காலத்தில் மீன்களைப் பிடித்து ஒரு குளத்தில் வைத்துக் காத்து, வெயில் வந்ததும் மறுபடி விடுகிறார்கள். வாய்க்கால் எங்கே, நொய்யல் எங்கே என்று கேட்கலாம். அளவு வேறுதான். ஆனால் முதலில் அது தங்கள் வாய்க்கால் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

நமக்கு நொய்யல் ஏதோ பாலத்துக்கு அடியில் ஓடும் சாக்கடையாகத் தெரிகிறது. கண்ணன் ஆதன் காலத்தில் மணியும் எஃகும் நூலும் செய்த தொழில் ஊர் அதன் கரையில் இருந்தது. தொழில் நமக்குப் புதிதல்ல. ஆற்றைக் கெடுத்தது மட்டும்தான் புதிது. நாளை டிப்ளமோ முடித்து நம்மில் பல பேர் டையிங் யூனிட்டுகளிலும் சுத்திகரிப்பு நிலையங்களிலும் சூப்பர்வைசராக உட்காரப் போகிறோம். ராத்திரி ஷிப்டில் வால்வைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவு நம் கையில் வரும். அந்த நேரத்தில் எனக்கு அந்தத் தூக்குப்போசி ஞாபகம் வரும்.

அடுத்த தை மாதம் மறுபடி போகிறோம். விருப்பம் உள்ளவர்கள் சைக்கிளுக்குக் காற்றடித்து வையுங்கள். அரியர் இருந்தாலும் பரவாயில்லை, வாருங்கள்!