மூன்றாம் வரிசையில் யார் இருப்பார்?

ஏழு பேர் போகலாம் என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். எந்த ஏழு பேர் என்று போட்டிருக்காது. அம்மம்மா, தாய், தகப்பன், கல்யாணம் முடித்த அக்கா, அத்தான், அவர்களின் இரண்டு பிள்ளைகள் என ஒரு மட்டக்களப்புக் குடும்பத்தை வாசலில் நிறுத்தி, யார் கடைசி வரிசைக்குப் போவது என்று கேட்டால் பதில் சுலபத்தில் வராது. அம்மம்மாவுக்கு முழங்கால் மடியாது. அத்தானுக்குத் தலை முட்டும். பிள்ளைகளை அனுப்பினால் ஹபரணை தாண்டுவதற்குள் ஒன்று வாந்தி எடுக்கும். பாவித்த ஏழு ஆசன எஸ்யூவி வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இது. ஆனால் பலர் காசு கைமாறிய பிறகு, முதல் கதிர்காமப் பயணத்தின் நடுவழியில்தான் இதைப் பார்க்கிறார்கள்.

இலங்கையில் வாகனம் என்பது வீட்டுக்கு அடுத்த பெரிய செலவு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. இடையில் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள், நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைமாறிக் கைமாறி ஓடின. பழசாகப் பழசாக விலை இறங்க வேண்டிய பொருள் விலை ஏறி நின்றது. இறக்குமதி திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய ஏழு ஆசன வாகனம் சம்பளக்காரருக்கு எட்டாது. ஆகவே பேச்சு 2013, 2015, 2018 மொடல்களைச் சுற்றியே நடக்கிறது: நிசான் எக்ஸ்-ட்ரெயில், மிட்சுபிஷி அவுட்லாண்டர், கியா சொரென்டோ, ஹொண்டா சிஆர்-வி, மஸ்டா சிஎக்ஸ்-8, டொயோட்டா ரஷ்.

இந்தப் பெயர்களிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரே பெயரில் ஐந்து ஆசனமும் வரும், ஏழு ஆசனமும் வரும். ஜப்பான் சந்தைக்கென வந்த 2013ஆம் ஆண்டுத் தலைமுறை எக்ஸ்-ட்ரெயிலில் பெற்றோல் வகைக்கு மூன்றாம் வரிசை உண்டு, ஹைபிரிட்டுக்குக் கிடையாது. அதே ஆண்டில் வந்த அவுட்லாண்டர் பிளக்-இன் ஹைபிரிட்டும் ஐந்து ஆசனம்தான். பெற்றோல் அவுட்லாண்டரில் ஏழு. 2018 சிஆர்-வியிலும் டர்போ பெற்றோலுக்கு மூன்று வரிசை, ஹைபிரிட்டுக்கு இரண்டு. காரணம் எளிது: பற்றரியும் மோட்டாரும் இன்வேர்ட்டரும் எங்காவது இருக்க வேண்டும், கடைசி வரிசையின் இடம்தான் முதலில் பறிபோகும். டொயோட்டா 2011இல் ப்ரியஸ் அல்பாவை விட்டபோது ஏழு ஆசன வகைக்குச் சின்ன லித்தியம் பற்றரியைச் செய்து, முன்னிருக்கைகள் இரண்டுக்கும் நடுவே செருகித்தான் பின்பக்கத்தைக் காப்பாற்றியது. எரிபொருள் மிச்சமும் வேண்டும், ஏழு பேரும் போக வேண்டும் என்று கேட்கும் குடும்பத்துக்குப் பழைய எஸ்யூவிகளில் கிடைக்கும் தெரிவு மிகக் குறைவு.

ஆசன எண்ணிக்கையைப் பதிவுப் புத்தகத்திலும் பார்க்க வேண்டும். ஐந்து என்று பதிந்த வாகனத்தில் பின்னால் இரண்டு சீட் பூட்டியிருந்தால், விபத்து நடந்த அன்று காப்புறுதிக்காரர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

வாகனம் பார்க்கப் போகும்போது குடும்பத்தில் உயரமானவரையும் வயதானவரையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. முதல் வேலை பொனட்டைத் திறப்பது அல்ல, பின்கதவைத் திறப்பது. நடுவரிசையை முன்னுக்குத் தள்ளி, அந்த இடுக்கு வழியாகக் கடைசி இருக்கைக்கு ஒருவர் ஏறி இறங்கட்டும். சாரி கட்டியவர் ஏற முடிகிறதா? ஏறி இருந்த பிறகு நடுவரிசையைப் பழைய இடத்துக்குத் தள்ளினால் முழங்காலுக்கு இடம் மிஞ்சுகிறதா? இந்த எஸ்யூவிகளில் பெரும்பாலானவை க்ரோஸ்ஓவர்கள்: கார் ஒன்றின் அடித்தளத்தில் எழுப்பிய உயரமான உடம்பு. பின் அச்சுக்கு மேலே தளம் உயர்ந்திருக்கும், அதனால் கடைசி இருக்கையில் முழங்கால் நெஞ்சை நோக்கி எழும்பும். சிஎக்ஸ்-8ஐ 2017இல் ஜப்பானில் அறிமுகம் செய்தபோது, 170 சென்றிமீற்றர் உயரமானவரும் மூன்றாம் வரிசையில் வசதியாக இருக்கலாம் என்று மஸ்டா விளம்பரம் செய்தது. அதை ஒரு சாதனையாகச் சொல்ல வேண்டி வந்ததே மற்ற வாகனங்களின் நிலையைக் காட்டிவிடுகிறது.

பிறகு சாமான். மூன்றாம் வரிசையை நிமிர்த்தினால் அதன் முதுகுக்கும் பின்கதவுக்கும் இடையே மிஞ்சுவது பெரும்பாலும் நாலைந்து பைகள் வைக்கும் இடம். கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போய்வர அது போதும். கட்டாருக்குப் போகும் மகனை வழியனுப்ப ஏறக்குறைய 300 கிலோமீற்றர் ஓடி கட்டுநாயக்காவுக்குப் போக அது போதாது. ஏழு பேர் ஏறினால் பெட்டி ஏறாது, பெட்டி ஏறினால் இரண்டு பேர் வீட்டில் நிற்க வேண்டும். கூரையில் கரியர் பூட்டலாம் என்று தரகர் சொல்வார். அதையும் யோசிக்க வேண்டும்: ஆளுக்கு 65 கிலோ என்று வைத்தாலே ஏழு பேர் 455 கிலோ. அதற்கு மேல் கூரைச் சுமை ஏறினால் பின் ஸ்பிரிங் படுத்துவிடும், வளைவில் வாகனம் சாயும்.

ஏசியைச் சோதிக்க உச்சி வெயில் நல்ல நேரம். வெயிலில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் செய்து, ஓட்டாமல் வைத்து, கடைசி வரிசையில் கால் மணி நேரம் இருந்து பார்த்தால் தெரிந்துவிடும். பல மொடல்களில் நடுவரிசையோடு குளிர்காற்றுத் துவாரம் முடிந்துவிடுகிறது. பின்பக்கத்துக்குத் தனி ஏசி உள்ள வாகனங்களில் குழாய்கள் தளத்துக்கு அடியால் போகும். அவை அரித்து வாயு கசிந்தால், விற்பவர் வாயு நிரப்பித் தருவார். அந்தக் குளிர் சில வாரம் இருக்கும்.

அரிப்பு என்றவுடன் மட்டக்களப்புக்கே உரிய தொல்லைக்கு வருகிறோம். வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கல்லடியிலிருந்து காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று தெற்கே இறங்கும் எழுவான்கரை ஊர்கள் ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியுமாக ஒடுங்கிய மணல் நிலத்தில் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பைத்தான் கொண்டுவரும். கதவும் பொனட்டும் பளபளவென்று இருக்க, அடியில் கறள் தின்றிருக்கும். கராஜில் வாகனத்தை ஏற்றி, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் இருக்கும் கிண்ணம், பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்பு ஆகியவற்றை டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலோட்டமான சிவப்புப் பொடி பயமில்லை. ஸ்க்ரூட்ரைவர் முனையால் தட்டும்போது சத்தம் மந்தமாக வந்தாலோ, செதில் செதிலாக உதிர்ந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்தலாம். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு பூசியிருந்தால் கூடுதல் சந்தேகம் வர வேண்டும். கறளைச் சுரண்டாமல் மேலால் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, அரிப்பு வேகம் எடுக்கும்.

மூன்றாம் வரிசைக்குப் பின்னால் தரைப் பலகையைத் தூக்கினால் ஸ்பேர் டயர்க் கிண்ணம் அல்லது சாமான் குழி தெரியும். வெள்ளம் கண்ட வாகனம் மாட்டிக்கொள்ளும் இடம் அது. சீட், கார்ப்பெட் எல்லாம் கழுவிக் காயவைத்தவர்கள் இந்தக் குழியின் ஓரத்து வண்டலை மறந்துவிடுவார்கள். இன்னொரு இடம் கடைசி வரிசை சீட் பெல்ட். அதைக் கடைசி வரை இழுத்தால், சுருளுக்குள் ஒளிந்திருக்கும் பாகத்தில் மண்ணிறக் கோடு விழுந்திருக்கிறதா என்று தெரியும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் நாட்டின் பல மாவட்டங்களை மூழ்கடித்த பின்னர் இது வெறும் எச்சரிக்கை அல்ல. காப்புறுதி நிறுவனம் முழு நட்டம் என்று ஒதுக்கி டெண்டரில் விட்ட வாகனம், திருத்தப்பட்டு, தூர மாவட்டத்தில் விற்பனைக்கு வருவது புதிதல்ல.

மட்டக்களப்பில் வெள்ளத்தைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மார்கழி மழையில் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை நீர் வடியாது. கிரான்–புலிபாய்ந்தகல் பாதை மூழ்கினால் படகுதான் கதி. ‘எஸ்யூவிதானே, தண்ணிக்குள்ளால போகும்’ என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. எக்ஸ்-ட்ரெயிலின் தரை உயரம் 205 மில்லிமீற்றர், சிஎக்ஸ்-8 இல் 200, ரஷ்ஷில் 220. அது வாவிக்கு அப்பால் படுவான்கரைக் கிறவல் ரோட்டின் குழிகளுக்கு உதவும். ஓடும் வெள்ளத்துக்குள் இறக்குவதற்கு அல்ல.

மீற்றர் குறைவாகக் காட்டினால் பலருக்கும் மனம் இளகிவிடும். ஜப்பானிலிருந்து வந்ததென்றால் ஏலத்தாளையும் ஏற்றுமதிச் சான்றிதழையும் கேட்டு, அங்கே பதிந்த கிலோமீற்றரோடு ஒப்பிடலாம். ஏலத்தாளில் தரம் ‘ஆர்’ என்றிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. மீற்றர் உண்மையாகவே இருந்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும். 2022 ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டால் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர்தான் எரிபொருள். அந்தக் காலத்தில் எத்தனையோ வாகனங்கள் முற்றத்திலேயே நின்றன. உப்புக்காற்றில் மாதக்கணக்கில் நின்ற வாகனத்தில் பிரேக் இறுகும், ரப்பர் வெடிக்கும், பற்றரி படுக்கும். ‘லேடி டொக்டர் ஒருத்தர் மட்டும் ஓடினது, அண்ணன்’ என்ற வசனத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம். அந்த வசனத்தின் கணக்குப்படி இலங்கையில் பெண் வைத்தியர்கள்தான் அதிக வாகனம் வைத்திருக்கிறார்கள். டயர் பொய் சொல்லாது. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பூ நன்றாக இருந்தாலும் வயது போன டயர் வெயிலில் நீண்ட ஓட்டத்துக்கு உதவாது.

காற்றுப்பைக்கும் வயது உண்டு. ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த காற்றுப்பைகளில் இருந்த அமோனியம் நைட்ரேட், நீண்டகாலச் சூட்டிலும் ஈரப்பதத்திலும் சீரழிந்து, விரிய வேண்டிய நேரத்தில் வெடித்து உலோகத் துண்டுகளை வீசியது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 10 கோடி காற்றுப்பை ஊதிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017இல் வங்குரோத்தானது. டொயோட்டா, ஹொண்டா, நிசான், மிட்சுபிஷி, மஸ்டா எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. சூடும் ஈரமும் உள்ள கரையோரத்தில்தான் ஆபத்து அதிகம் என்பதால், சசி இலக்கத்தைக் கொடுத்து முகவரிடம் சரிபார்ப்பது மட்டக்களப்பாருக்குக் கூடுதல் அவசியம்.

ஓட்டிப் பார்ப்பதிலும் ஒரு சிக்கல். ஊர் முழுக்கச் சமதரை. கல்லடிப் பாலத்தின் ஏற்றத்தை மலை என்று கொள்ள முடியாது. எக்ஸ்-ட்ரெயில், அவுட்லாண்டர் இரண்டிலும் உள்ள சீவீடீ கியர்பொக்ஸ், ஒயில் மாற்றாமல் விட்டிருந்தாலும் திருப்பெருந்துறை ரோட்டில் பட்டாக ஓடும். செங்கலடியால் மகாஓயா தாண்டி, மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் வளைவுகளில்தான் உதறலும் சூடும் வெளிப்படும். அவ்வளவு தூரம் போக விற்பவர் சம்மதிக்க மாட்டார். ஆகவே சுமையால் ஈடுகட்ட வேண்டும்: ஏழு பேரும் ஏறி, ஏசியைப் போட்டு, நின்ற இடத்திலிருந்து மெதுவாகவும் வேகமாகவும் எடுத்துப் பார்க்கலாம். எஞ்சின் சத்தம் ஏறியும் வாகனம் தயங்கினால், 20 கிலோமீற்றர் வேகத்தில் துடித்தால், ஒயில் மாற்றிய பற்றுச்சீட்டைக் கேட்க வேண்டும்.

இவ்வளவையும் பார்த்தபின் சில குடும்பங்களுக்கு வான்தான் பொருந்தும். வாரத்தில் ஐந்து நாள் ஒருவர் மட்டும் வேலைக்கு ஓடி, மாதத்தில் ஒருமுறை ஏழு பேரும் போகிற வீட்டுக்கு க்ரோஸ்ஓவர் சரி. ஒவ்வொரு கிழமையும் எல்லோரும் ஏறி இறங்குகிற வீட்டுக்கு, சறுக்குக் கதவுள்ள டொயோட்டா நோவாவோ கேடிஎச் வானோ கௌரவத்தில் குறைந்தாலும் முழங்காலுக்கு நல்லது. கல்யாண வீட்டில் இறங்கும்போது எஸ்யூவிக்கு இருக்கும் மரியாதை வானுக்கு இல்லை என்பது உண்மைதான். அந்த மரியாதைக்குப் பல இலட்சம் கூடக் கொடுக்கலாமா என்பதை அவரவர் வீட்டில்தான் பேச வேண்டும்.

விலை பேசி முடிந்தால் கடைசியாகப் புத்தகம். அதில் பதிந்த உரிமையாளர் ஒருவராகவும், முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி ஒன்றும் இருந்தால், கடன் தீர்ந்து அந்தப் பெயர் நீங்கும்வரை முழுக்காசும் கொடுக்கக்கூடாது. சசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வாகனத்திலேயே தேடி வாசித்து, புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். ‘ஓப்பன் பேப்பர்’ என்று, பழைய உரிமையாளரின் கையெழுத்து மட்டும் உள்ள படிவங்களோடு இரண்டு மூன்று கை மாறிய வாகனங்கள் இங்கே நிறைய. படிவத்தில் கையெழுத்துப் பொருந்தவில்லை என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் திருப்பி அனுப்பினால், கையெழுத்திட்டவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் கனடாவில் இருக்கலாம்.